வாஷரும் ஒழுகாத கீஷும்

நேராவே சொல்லிடறேன். இது ஒரு பிளம்பரோட கதை. பெரிய மனுஷங்களைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்கான். அந்தப் பெரிய மனுஷங்க குளிக்கற பாத்ரூமுக்கு பைப்பு போட்டவனைப் பத்தி எவன் எழுதினான்? ஒருத்தனும் இல்ல. அதான் இது.

எங்க கட்டடத் தொழிலாளர் சங்கத்துல அவருக்கு வாஷர்னு பேரு. குழாய் சொட்டினாலும் சரி, கூட்டத்துக்கு ஆள் வரலன்னாலும் சரி, "வாஷரை மாத்துங்க, சரியாயிடும்"னுதான் சொல்வாரு. தலைவரை மாத்தணும்னு ஒரு கோஷ்டி கிளம்பினப்பவும் அதையேதான் சொன்னாரு. தலைவர் முகத்தை ஒரு வாரம் பாக்க முடியல.

முட்டி தேஞ்சுபோச்சு, இனிமே ஏணி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டம்மா ஸ்கூல் பஸ் ஓட்டறாங்க. காலைல ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. வீட்ல தனியா உக்காந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? நல்லா இருந்த குழாயை எல்லாம் கழட்டி மாட்டினாரு. ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிச்சப்ப வீட்டம்மா ஸ்பேனரைப் பிடுங்கிட்டாங்க.

"ஏங்க, கை சும்மா இருக்காதுன்னா சமையல் பண்ணுங்க. என் குழாயை விட்டுடுங்க."

அந்த நேரம் பாத்து, அவர் வாடிக்கையா வேலை செஞ்ச ஒரு பியானோ டீச்சரம்மா வீட்டைக் காலி பண்ணாங்க. அவங்க ஓவனை எடுத்துட்டுப் போக லாரில இடம் இல்ல. அது வாஷர் வீட்டுக்கு வந்துடுச்சு. வந்த ஓவனுக்கு வேலை குடுக்கணுமே. போன்ல தேடினாரு. ஒரு வெள்ளைத் தொப்பிக்காரம்மா ஃபிரெஞ்சு சமையல் சொல்லிக்குடுத்தாங்க. ரெண்டு ஐட்டம் மனுஷனுக்குப் பிடிச்சுபோச்சு. ஒண்ணு கீஷ். மாவும் வெண்ணெயும் பிசைஞ்சு, தட்டுல கிண்ணம் மாதிரி ஒரு ஓடு செஞ்சு, அதை முதல்ல சுட்டு, அதுக்குள்ள காய்கறி, முட்டை, க்ரீம், சீஸ் எல்லாம் ஊத்தி மறுபடி சுடணும். இன்னொண்ணு கிராத்தன். அதுக்கு ஓடு கிடையாது. உருளைக்கிழங்கை மெல்லிசா சீவி அடுக்கி, க்ரீம் ஊத்தி, மேல சீஸ் தூவி, அது செவக்கற வரைக்கும் சுட்டா முடிஞ்சுது.

கிராத்தன் முதல் நாளே வந்துடுச்சு. கீஷ் வரல. ஒழுகிச்சு. ஒழுகறதைப் பாத்துட்டு ஒரு பிளம்பர் சும்மா இருப்பாரா?

இப்ப சண்டைக்கு வரேன். அது இல்லாம இந்தக் கதை இல்ல.

வீட்டம்மாவுக்கு ஒரே தம்பி. டைல்ஸ் ஒட்டறவர். மாமா வாஷர் பைப்பு போடுவாரு, மச்சான் டைல்ஸ் ஒட்டுவாரு, ரெண்டு பேரும் சேர்ந்து இந்த ஊர்ல பாதி பாத்ரூம் கட்டினாங்க. கடைசியா ஒரு மாடி வீட்டு பாத்ரூம். டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி தரைல தண்ணி நிறுத்திப் பாக்கணும். தண்ணி போற ஓட்டையை அடைப்பான் வெச்சு அடைச்சு ஒரு நாள் முழுக்க விட்டா, எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சுடும். இது கத்துக்குட்டிக்கும் தெரியும். அந்த வீட்ல அதை யாரும் பண்ணல. மாமா மச்சான் பண்ணியிருப்பாருன்னு நினைச்சாரு. மச்சான் மாமா பண்ணியிருப்பாருன்னு நினைச்சாரு. கீழ் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது தட்டுல சொட்டிச்சு.

"பைப்புதான்"னாரு மச்சான். "டைல்ஸ்தான்"னாரு மாமா. அன்னைக்கு நின்ன பேச்சு, ரெண்டு வருஷம்.

சங்கத்துல நாங்க சமாதானம் பேசிப் பாத்தோம். பெரிய பெரிய முதலாளியை எல்லாம் பேச்சுவார்த்தைக்கு உக்கார வெச்சிருக்கோம். இவங்க ரெண்டு பேர்கிட்ட எங்க பருப்பு வேகல. கூட்டத்துல பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆனா மச்சான் எழுந்திருச்சு, "தலைவர் மூலமா அந்த பிளம்பருக்குத் தெரிவிச்சுக்கிறேன், அவர் என் மேல்துண்டு மேல உக்காந்திருக்காரு"ம்பாரு. வாஷரும் எழுந்திருப்பாரு. "தலைவர் மூலமா பதில். துண்டை ஒழுங்கா ஒட்டியிருந்தா நகர்ந்திருக்காது." இது ரெண்டும் தீர்மானத்தோட சேர்ந்து பதிவாகியிருக்கு.

வீட்டம்மா அலுத்துப்போனாங்க. பொறந்தநாள் வருது, என்ன வேணும்னு புருஷன் கேட்டாரு.

"எனக்கு சேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அன்னைக்கு மத்தியானம் என் தம்பி வருவான். நீங்களும் அவனும் என் முன்னாடி ஒரே மேஜைல உக்காந்து, வாயைத் திறந்து பேசணும். தலைவர் மூலமா இல்ல. நேரா."

"அவன் பேசினா நான் பேசறேன்."

"அவனும் இதையேதான் சொன்னான். எனக்கு இருக்கறது ஒரே தம்பி, ஒரே புருஷன். இந்த தடவையும் நடக்கலன்னா நான் இனிமே கேக்க மாட்டேன். ரெண்டு பேரையும் கேக்க மாட்டேன்."

கத்தியிருந்தா வாஷர் பயந்திருக்க மாட்டாரு. அந்தம்மா அமைதியா சொன்னாங்க. அதான் உள்ள இறங்கிச்சு.

சரி, நேரா மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாமே? அதெல்லாம் உங்களுக்கும் எனக்கும். வாஷர் வேற முடிவு பண்ணாரு. ஒரு சொட்டு ஒழுகாத கீஷ் ஒண்ணைச் செஞ்சு மச்சான் முன்னாடி வைக்கணும். என் கை ஒழுகாதுன்னு அவனுக்கே தெரியட்டும். தெரிஞ்சா பேசிடுவான்.

பொறந்தநாளுக்கு முந்தின வாரம் முழுக்க ஒத்திகை. தொப்பிக்காரம்மா, மாவு ஓடு சுடறதுக்கு முன்னாடி முள்கரண்டியால அடியெல்லாம் குத்துன்னு சொன்னாங்க. வாஷருக்கு ரத்தம் கொதிச்சுது.

"ஓட்டை போடச் சொல்றா பாரு! வாழ்நாள் பூரா ஓட்டையை அடைச்சவன்கிட்ட வந்து!"

குத்தாமயே உள்ள வெச்சாரு. ஓடு உப்பிக்கிட்டு தவளை மாதிரி எழுந்து நின்னுச்சு. அடுத்த நாள் குத்தினாரு. குத்தின ஒவ்வொரு ஓட்டையையும் மாவு உருட்டி திரும்ப அடைச்சாரு. மறுபடியும் தவளை. வீட்டம்மா பஸ்ல இருந்து இறங்கி வந்து பாத்துட்டு, "இன்னைக்கும் உப்பிடுச்சா?"ன்னு கேட்டுட்டு, உப்பினதை உடைச்சு நொறுக்குத்தீனியா சாப்பிட்டுட்டு திரும்ப வண்டி எடுக்கப் போயிட்டாங்க. மூணாவது தடவைதான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு அந்தம்மா சொன்னபடி குத்தி, மேல காகிதம் போட்டு, காகிதத்து மேல கனத்துக்குக் காஞ்ச பயறைக் கொட்டி சுட்டாரு. அடி தட்டையா வந்துச்சு. ஆனா முட்டைக் கலவையை ஊத்தினதும் ஒரு ஓரத்துல கசிஞ்சு தட்டு கருகிடுச்சு.

பொறந்தநாள் வந்துச்சு. வீட்டம்மா பஸ் ஓட்டப் போயிருந்தாங்க, மத்தியான நடையை முடிச்சுட்டுத்தான் சாப்பாட்டுக்கு வருவாங்க. ஓடு பொன்னா சுட்டு வந்துச்சு. குடைமிளகாயும் காளானும் வெங்காயமும் வதக்கி ஒரு பக்கம். க்ரீமும் முட்டையும் அடிச்சு ஒரு பக்கம். ஊத்த வேண்டியதுதான். ஊத்தப் போனவர் கை நின்னுச்சு. கசிஞ்சா?

இந்த இடத்துல வேற யாரா இருந்தாலும் ஊத்தியிருப்பான். தையல்காரன் ஊத்தியிருப்பான், வக்கீல் ஊத்தியிருப்பான். ரெண்டு வருஷமா ஒரே ஒரு தப்பை நினைச்சு தூக்கம் கெட்ட பிளம்பர் ஊத்துவாரா? ஒரு சொம்பு தண்ணி எடுத்து, சுட்ட மாவு ஓட்டுக்குள்ள விளிம்பு வரைக்கும் நிறுத்திட்டாரு!

டார்ச் அடிச்சு அடியைப் பாத்தாரு. ஒரு சொட்டு இல்ல. விசில் அடிச்சுக்கிட்டு சவரம் பண்ணப் போனாரு.

திரும்பி வந்தா, மழைல நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ஓடு தட்டுல படுத்திருக்கு. அதே நேரம் அழைப்பு மணி. மச்சான். வந்த கடனைச் சீக்கிரம் முடிச்சுட்டு கிளம்பிடலாம்னு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டாரு.

கதவு திறந்துச்சு. பேச்சு இல்ல. மச்சான் நேரா சமையல்கட்டு வரைக்கும் வந்து சுவரைப் பாத்து, "அக்கா வந்தாச்சான்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும்"னாரு.

வாஷர் ஃப்ரிட்ஜைப் பாத்து, "வண்டி இன்னும் வரல"ன்னாரு.

அப்பதான் மச்சான் கண்ணு தட்டுல விழுந்துச்சு. தண்ணி. அதுக்குள்ள கரைஞ்ச மாவு. பக்கத்துல டார்ச். கட்டட வேலைக்காரன் கண்ணுக்கு வேற விளக்கம் வேணுமா?

"மாமா..." வாய் தானா திறந்துடுச்சு. "மாவுக்கா தண்ணி நிறுத்தினீங்க?"

மச்சான் மேடையைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வர, இருமல் வர சிரிச்சாரு.

"சிரிக்காதடா. ஒழுகல, தெரியுமா? ஒரு சொட்டு ஒழுகல!"

"எப்படி ஒழுகும்? எல்லாத்தையும் மாவே குடிச்சுடுச்சே! இந்தத் தண்ணியை அன்னைக்கு அந்த மாடி வீட்ல நிறுத்தியிருந்தா..."

"நான் ஏன்டா நிறுத்தணும்? தரை உன்னுது!"

"அடைப்பான் உங்க பைல இருந்துச்சு மாமா!"

"கேட்டியா? வாயைத் திறந்து கேட்டியா?"

ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு வருஷம் தேங்கினது மொத்தமும் திறந்துக்கிச்சு. மூத்தவர்னு மரியாதை குறையாம, "நீங்க ஒரு மடையன் மாமா"ன்னு மச்சான் சொன்னாரு. அப்ப வாஷர் கண்ணு கடிகாரத்துல பட்டுச்சு.

"டேய், உங்க அக்கா வந்துடுவாடா. மேஜைல வைக்க ஒண்ணும் இல்ல."

மச்சான் சட்டைக் கையை மடிச்சாரு. "உருளைக்கிழங்கு இருக்கா?"

வாஷர் சீவி, பால்ல ஒரு கொதி விட்டு எடுத்துக் குடுத்தாரு. மச்சான் அடுக்கினாரு. நடுவுல இருந்து ஆரம்பிச்சு, வரிசை பிடிச்சு, ஒவ்வொரு துண்டையும் கரண்டிக் காம்பால தட்டித் தட்டி உக்கார வெச்சாரு. குனிஞ்சு ஒரு கண்ணை மூடி மட்டம் பாத்தாரு.

"இது கனம் ஜாஸ்தி. வேற குடுங்க."

"கிழங்குடா அது. தின்னுட்டா தெரியாது."

"ஓரத்துக்கு அரைத் துண்டு வெட்டுங்க. இங்க கொஞ்சம் இடைவெளி விடறேன்."

"கிழங்குக்கு எதுக்குடா இடைவெளி?"

"க்ரீம் எந்த வழியா கீழ இறங்கும்? பைப்பு போடுவீங்களா?"

வதக்கின காயை நடுவுல பரப்பி, மேல இன்னொரு அடுக்கு வெச்சு, கீஷுக்கு அடிச்ச முட்டைக் க்ரீமை எல்லாம் ஊத்தி, சீஸைத் தூவி ஓவனுக்குள்ள தள்ளினாங்க. அது கீஷும் இல்ல, கிராத்தனும் இல்ல. தொப்பிக்காரம்மா பாத்தா தொப்பியைக் கழட்டிடுவாங்க. அது வேகற வரைக்கும் அடைப்பான் விவகாரத்தை விட்ட இடத்துல இருந்து எடுத்தாங்க.

வீட்டம்மா பஸ்ஸை நிறுத்திட்டு படியேறும்போது சத்தம் தெருவரைக்கும் கேட்டுச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வெளிய வந்து, "என்னங்க, போய்த் தடுக்கலாமா?"ன்னாரு.

"தொட்டீங்க, தெரியும் சேதி!"ன்னாங்க. அங்கயே படில உக்காந்தாங்க. தம்பி குரல், புருஷன் குரல், மறுபடி தம்பி குரல். முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாங்க. சீஸ் செவக்கற வாசனை வந்தப்புறம்தான் உள்ள போனாங்க.

அவங்களைப் பாத்ததும் ரெண்டு பேரும் கப்சிப்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க."

"நான் எங்கக்கா பேசினேன்?"னாரு மச்சான். "திட்டிக்கிட்டு இருந்தேன்."

"சரி, உக்காந்து திட்டு. தட்டு எடு."

மூணு பேரும் உக்காந்தாங்க. வாஷர் ஓவன்ல இருந்து எடுத்து வெச்சாரு. மேல செவந்து, ஓரம் மொறுமொறுன்னு, கத்தி இறங்கின இடத்துல வரிசை வரிசையா அடுக்கு தெரிஞ்சுது. வீட்டம்மா ஒரு வாய் எடுத்து கண்ணை மூடினாங்க. ரெண்டு பேரும் மூச்சு விடாம பாத்தாங்க.

"நல்லா இருக்கு. உப்பு மட்டும் போடல."

மாமாவும் மச்சானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க.

"நீ போட்டிருப்பன்னு நினைச்சேன்"னாரு வாஷர்.

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நான் நினைச்சேன்."

வீட்டம்மா சிரிச்ச சிரிப்புல தட்டு ஆடிச்சு. எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து நடு மேஜைல வெச்சாங்க. ரெண்டு கையும் ஒரே நேரத்துல அதுக்கு நீண்டுச்சு. "நீங்க போடுங்க மாமா"ன்னாரு மச்சான்.