முதுகைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த ஸ்டெல்லா டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். போனை எடுத்த என் பேத்தி கவிதா, "அப்பாயி, ஸ்டெல்லா டீச்சர் போயிட்டாங்க" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காதர்பேட்டையில் ஒரு பனியன் கடை மாடியில், இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுத்தவர்கள் டீச்சர். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள்தான். இருந்தாலும் இதை நான்தான் எழுதவேண்டும்.

கவிதா எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்த புதிதில், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் போனில் பேசினார். 'கோயிங் டு', 'வான்ட் டு' என்று புத்தகத்தில் படித்தவளுக்கு, அவர் 'கோனா', 'வானா' என்று சுருக்கி ஓட்டியது பிடிபடவில்லை. பெரியவர்கள் பேசினால் நாம் 'ஆமாங்க, ஆமாங்க' என்று கேட்போமே, அந்த மரியாதையில் 'எஸ் சார், எஸ் சார்' என்றிருக்கிறாள். சரக்கை ஒரு வாரம் முன்னாடியே அனுப்பச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"உன்ற எஸ்ஸுக்குத் தக்கன மிஷினு ஓடுமா அம்மிணி? நாளைக்குள்ள சரி பண்ணு, இல்லீன்னா ஊட்லயே இரு" என்றார் முதலாளி.

இனி வேலைக்கே போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டவளை டீச்சரிடம் இழுத்துப்போனேன்.

டீச்சர் சிரித்தார்கள். "துவைச்சா பனியன் சுருங்குதில்ல? வாயில புழங்குனா வார்த்தையும் சுருங்குங் கண்ணு."

இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டார்கள். "போன்ல மூஞ்சி தெரியாது. காதை நம்பு" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இங்கிலீஷில் கடகடவெனப் பேசினார்கள்.

"எஸ் மிஸ்" என்றாள் கவிதா.

"நான் என்ன சொன்னேன்?"

கவிதா திரும்பி டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.

"புரியாம ஆமாங்கறது மரியாதை இல்ல கண்ணு. புரியலீங்க, இன்னொருக்கா சொல்லுங்கன்னு கேளு."

பேச்சில் சுருக்கலாம், கம்பெனிக் கடுதாசியில் முழுசாக எழுது என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

மறுநாள் கவிதா அந்த பையரைக் கூப்பிட்டு, அன்று புரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். அவர் நிதானமாகத் திருப்பிச் சொன்னார். பழைய தேதிக்கே ஒத்துக்கொண்டார். இன்றைக்கு அந்தக் கம்பெனியில் பையர் போன் எல்லாம் என் பேத்தி மேசைக்குத்தான் வருகிறது.

அடக்கம் முடிந்ததும், வகுப்பை மூடிவிடலாம் என்றார்கள் சிலர். கவிதா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடியைத் திறந்து, டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முதுகுப் பக்கத்து நாற்காலிக்கு யாரும் வரவில்லை. படிக்க வந்த பிள்ளைகள் தயங்கி நின்றார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.

கவிதா இங்கிலீஷில் என்னமோ கடகடவென்று சொன்னாள்.

"புரியலீங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன்.

டீச்சர், வகுப்பு நடக்குதுங்க. நிம்மதியாத் தூங்குங்க.