மொத்தமா இன்னா ஆவும், டாக்டரே?

ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் நைனாவுக்குக் குடலிறக்கம். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். பெரியாஸ்பத்திரி என்றாலே அவருக்குக் குலைநடுக்கம். தனியார் ஆஸ்பத்திரி என்றாலோ, கட்டியிருக்கிற லுங்கியையும் உருவிக்கொண்டுதான் வெளியே விடுவார்கள் என்பது அவர் கட்சி. அம்மா கெஞ்சினாள், அழுதாள், பேசாமல்கூட இருந்து பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

கடைசியில் அத்தை கிளம்பி வந்தாள். நைனாவின் அக்கா, கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவள் சத்தம் போட்டால் செத்த வஞ்சிரமும் ஒரு தரம் துள்ளும். நைனாவின் கையைப் பிடித்து, என்னையும் இழுத்துக்கொண்டு, ராயபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போனாள்.

டாக்டர் பார்த்துவிட்டு ஆபரேஷன்தான் என்றார். செலவைக் கேட்டதற்கு, "முதல்ல அட்மிட் ஆகட்டும்மா, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான், அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இன்னா டாக்டரே சொல்ற? மீன வெட்டிட்டா வெல பேசுவாங்க? ரூமு, மருந்து, ஊசி, மயக்கம் குடுக்கறவரு, அல்லாத்தையும் சேத்து மொத்தமா இன்னா ஆவும்னு இப்பவே சொல்லு. அப்பால கத்திய எடு."

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐயோ, டாக்டரைப் போய் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு மானமே போயிற்று. டாக்டரோ சிரித்துவிட்டார். நர்சைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு, விரல்விட்டுக் கூட்டினார்.

"தையல் பிரிக்கிற வரைக்கும் எல்லாம் சேத்து எட்டாயிரம். அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

"எட்டா?" என்றார் நைனா. இன்னொரு தரமும் கேட்டார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு எட்டாயிரம் என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டும் வருகிற தொகை. பாவம், அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்? அவர் காதருகே போய், "அழாத நைனா, அத்தை இன்னும் கொறைக்கும்" என்றேன்.

அழுகைக்கு நடுவே அவர் சிரித்துவிட்டார். அத்தையோ ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லாமல், "சரி டாக்டரே, என்னிக்கு வந்து படுக்கணும்?" என்றாள். பேரமே பேசாமல் விட்டுவிட்டாளே என்று வீடு வந்து சேரும்வரை அவள்மேல் எனக்கு ஒரே கோபம். ஒரு வருஷமாக நைனா எங்கள் ஓட்டு வீட்டை மனசுக்குள்ளேயே விற்று, எங்களைத் தெருவில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?