நான் மீனவப் பெண்ணான காலை

பல்லடம் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். தைத்து வரும் பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது சம்பளத்துக்குச் செய்த வேலை. பொங்கல் லீவில் ஆட்களை டூர் கூட்டிப்போவது, யாரும் கேட்காமலே நானாகத் தலையில் போட்டுக்கொண்ட வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் சுற்றுவட்டாரத்து முருகன் மலை ஒன்றையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. ஒரு பொங்கலுக்குக் கடல் பார்க்கலாம் என்று கிளப்பிவிட்டவர் எங்கள் அயர்ன் மாஸ்டர்.

அவர் ராமேஸ்வரம் தீவுக்காரர். கோயில் பக்கம் சங்கும் சிப்பியும் விற்கும் கடை வைத்திருந்தவர். எல்லை தாண்டினார்கள் என்று மீனவர்களை அக்கரையில் பிடித்து வைப்பதும், இக்கரையில் அதற்காக மறியல் நடப்பதும், அதைப் பேப்பரில் படித்து டூரிஸ்ட்டுகள் ரூமை ரத்து செய்வதுமாகக் கடை படுத்துவிட்டது. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து அயர்ன் பாக்ஸைப் பிடித்தார்.

"இப்ப ஒரு பிரச்சினையும் இல்லக்கா. கடலும் அமைதி, கரையும் அமைதி. என் வீட்டுக்காரி வைக்கிற மீன் குழம்பச் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க" என்றார்.

நாற்பது பேர் மீன் குழம்புக்காகவே பெயர் கொடுத்தார்கள். சாமி கும்பிடப் போவதாக வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

அவர் சொன்ன அமைதி பாம்பன் பாலம் வரைக்கும் இருந்தது. பாலத்தைத் தாண்டியதும் பஸ் நின்றது. நடுரோட்டில் ஓலைப் பந்தல். அதன் கீழே பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள்தான் அக்கரைக்காரர்கள் இரண்டு போட்டைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"நம்ம சனந்தான்க்கா. பேசி வழி வாங்கிட்டு வர்றேன்" என்று அயர்ன் மாஸ்டர் இறங்கிப் போனார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆளும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், கையில் கோஷம் எழுதிய ஒரு தட்டியோடு.

வழியெல்லாம் வாந்தி எடுத்து எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய்க் கேட்டேன். "ஏனுங்க தம்பி, வழி கேக்கப் போன மனுசன் இப்படிச் சம்மணம் போட்டுக் குக்கிட்டீங்களே?"

"புடிச்சிட்டுப் போன போட்டுல என் மச்சானும் இருக்கான்க்கா. இங்க வந்துதான் தெரியும்" என்றார்.

பக்கத்தில் இருந்தவள் அவர் மனைவி. தன் தம்பிக்காக விடியற்காலையிலேயே வந்துவிட்டாளாம். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். திட்ட வந்தவள் உட்கார்ந்துவிட்டேன். பஸ் அடுப்பு மாதிரி கொதித்தது. பந்தலில் நிழலும் டீயும் இருந்தன. எங்கள் ஆட்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அன்றைக்குத்தான் பாலத்தில் முதன்முதலாகக் கடலைப் பார்த்த நாற்பது பேர் மீனவர் மறியலில் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் ஓவர்லாக் டெய்லரம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. அங்கே எல்லோரும் "விடுதலை செய்! விடுதலை செய்!" என்று முழங்க, இவள் மட்டும் "விடுதலை செய்யுங்க! விடுதலை செய்யுங்க!" என்று கத்தினாள். கோபத்திலும் மரியாதை விட்டுப்போகக்கூடாது என்று பழக்கிய ஊர் எங்களுடையது. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பேப்பர்காரர் ஒருவர் போட்டோ எடுத்தார்.

மதியம் அதிகாரிகள் வந்து ஏதோ உறுதி சொன்னார்கள். மறியல் கலைந்தது. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் மேனேஜர் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதுபோல் ரோட்டுக்கே ஓடி வந்தார். சேதி கேட்டு மற்றவர்கள் ரூமை ரத்து செய்துவிட, வந்து சேர்ந்தது நாங்கள்தான். தனுஷ்கோடிக்கு அழைத்துப் போக ஜீப்காரர்கள் எங்களைப் பங்கு போட்டுக்கொண்டு சண்டை பிடித்தார்கள். எங்களில் ஒருவருடைய ஒரு கை ஒரு ஜீப்பிலும் மறு கை இன்னொரு ஜீப்பிலும் இருந்ததை நானே பார்த்தேன்.

அயர்ன் மாஸ்டர் வீட்டில் இலை போட்டார்கள். வந்தது கோழிக் குழம்பு.

"போட்டு எதுவும் கடலுக்குப் போகலக்கா. மீனுக்கு எங்க போக? மன்னிச்சுக்கங்க" என்றாள் அவர் மனைவி.

"கோழி மட்டும் எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று டெய்லரம்மா கேட்டாள்.

"லாரில வருதுக்கா. பல்லடத்துக் கோழி."

எங்கள் கம்பெனி வாசலைத் தாண்டிப் போன கோழியைத் தின்ன நாங்கள் கடல் வரைக்கும் வந்திருக்கிறோம். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. டெய்லரம்மா விடவில்லை. "ஏன் அம்மிணி, ரோட்ட மறிக்காம இருந்தா டூரிஸ்ட் வருவாங்கல்ல? உங்க கடையும் ஓடுமில்ல?"

அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "காலைல தம்பிக்காக ரோட்ட மறிச்சு உக்காருறது நாந்தான்க்கா. சாயங்காலம், ஏன் ஒரு ஆளும் வரலன்னு கடை வாசல்ல உக்காருறதும் நாந்தான். யாரத் திட்டச் சொல்றீங்க?"

அன்று மாலை அவள் கடையில் ஆளுக்கொரு சங்கு வாங்கினோம். திரும்பும் வழியெல்லாம் ஊதிப் பார்த்தார்கள். காங்கேயம் காளைக்கு வயிற்றுவலி வந்த மாதிரி சத்தம் வந்தது.

லீவு முடிந்து கம்பெனி திறந்ததும் முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் பேப்பர். 'கண்ணீருடன் மீனவப் பெண்கள்' என்று போட்டு, முன்வரிசையில் எலுமிச்சம்பழத்தோடு நான்.

"ஏனுங்க, நீங்க எப்பங்க மீன் புடிக்கப் போனீங்க?"

"லீவுலதானுங்க."

"நமக்கு ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையர் யாராச்சும் பார்த்தா என்னுங்க நெனைப்பாங்க?"

"அவிங்களுக்குத் தமிழ் தெரியாதுங்க."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து டிராயரில் வைத்துக்கொண்டு, "நம்ம அயர்ன் மாஸ்டரோட மச்சான் வந்துட்டானுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

சில வாரம் கழித்து அவனை விட்டார்கள். போட்டை விடவில்லை. கோடை வருவதற்குள் அயர்ன் மாஸ்டரின் மனைவி கடையை மூடிவிட்டு எங்கள் ஊருக்கே வந்துவிட்டாள். என் மேஜையிலேயே செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல கண் அவளுக்கு. நான் பாஸ் பண்ணிய பனியனிலேயே ஓட்டை கண்டுபிடித்து என் மானத்தை வாங்கினாள்.

கம்பெனி ரேடியோவில் மீனவர் சிறைபிடிப்பு என்று செய்தி வந்தால் எங்கள் மேஜையில் பேச்சு நின்றுவிடும். டெய்லரம்மா மட்டும் மெதுவாக, "உங்க ஊருங்களா, அம்மிணி?" என்பாள்.

"இல்லக்கா, பக்கத்து ஊரு."

எந்த ஊராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வாள்.