முப்பத்தோராம் நாள் விடுப்பு

நாங்கள் குடியேறிய அயல்நாட்டில், ரானுயி என்னும் புறநகரின் தொடர்வண்டி நிலைய வாயிலில், நல்ல பகல் வெளிச்சத்தில், ஓர் இளைஞன் என்னைத் தள்ளி வீழ்த்தித் தோள்பையைப் பறித்துச் சென்றான். பையில் இருந்தவை ஒரு குடை, ஓர் உணவுப்பெட்டி, படிக்கும் கண்ணாடி. என் இடது மணிக்கட்டு முறிந்தது. காவலர் அவனை விரைவில் பிடித்தனர். அவனும் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை விதிக்கும் நாளில், எனக்கு நேர்ந்ததை நானே எழுதி நானே மன்றில் வாசிக்கலாம் என்றும், வராவிடில் வேறொருவர் வாசிப்பார் என்றும் நீதிமன்ற அலுவலர் தொலைபேசியில் தெரிவித்தார். என் சொற்களைப் பிறர் தப்பும் தவறுமாக வாசிக்கக் கேட்கும் துன்பத்தை வாழ்நாளில் போதிய அளவு நுகர்ந்தவன் நான். செல்வதென்று உறுதிகொண்டேன்.

எஞ்சியது விடுப்பு. மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு பண்டகசாலையில் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்ப்பது என் பணி. ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. அறுபத்தாறு வயதினனுக்கு அது எப்போதும் ஓர் இழையில்தான் தொங்கும்.

"கோட்டுக்குப் போறன் எண்டு எழுதாதேங்கோ," என்றார் என் மனைவி. "நீங்கள் அடிச்சனீங்களோ அடிவாங்கினனீங்களோ எண்டு ஆர் விசாரிக்கப் போகினம்? கோடேறின ஆள் எண்டுதான் கதைப்பினம்."

எங்கள் குடும்பங்களில் நீதிமன்றப் படி ஏறாமையே ஒரு பட்டம். ஆகவே விண்ணப்பத்தில், யாழ்ப்பாணத்தில் சிறிய தந்தையார் காலமானார் என எழுதினேன். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தமையால், செய்தி பொய்யன்று, சற்றே காலந்தாழ்ந்தது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். விடுப்பு உடனே கிடைத்தது.

மன்றில் ஏதோ அறிக்கை ஆயத்தமாகவில்லை என்று வழக்கை ஒத்திவைத்தனர். புதிய நாள் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வந்தது. பொய்க்கும் இறையருள் உண்டு போலும்: கத்தோலிக்கரான எங்கள் வழக்கப்படி இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுக்கும் காலம் அதுவே. மீண்டும் விண்ணப்பித்தேன்.

என் மேற்பார்வையாளர் மலேசியத் தமிழ்ப் பெண்மணி, இந்து சமயத்தவர். விண்ணப்பத்தைக் கையில் ஏந்தி என் மேசைக்கே வந்துவிட்டார்.

"நாங்க பதினாறு செய்வோம் அங்கிள். உங்களுக்கு முப்பத்தொண்ணா?"

"ஓம், பிள்ளை."

"நானும் வரேன். எந்த சர்ச்சு? எத்தனை மணிக்கு?"

தேவாலயம் ஒன்றின் பெயரைச் சொல்ல நா எழவில்லை. வாய்மை பற்றிப் பிறருக்கு நிரம்ப உபதேசித்த நா அது. ஆயினும் அவ்வேளையில் உதவவில்லை. நிகழ்ந்தது முழுவதையும் சொல்லிவிட்டேன். ஒப்பந்தம் இனிப் புதுப்பிக்கப்படாது என்றே எண்ணினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"படியில விழுந்துட்டேன்னு சொன்னீங்களே. அதுவும் கதைதானா?"

"அதுவும்தான்."

"சித்தப்பாவைக் கொன்னுட்டுக் கோர்ட்டுக்குப் போறீங்க. பொருத்தமாத்தான் இருக்கு."

பின்னர் பணியாளர் கையேட்டை எடுத்து விரித்தார். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் தம் வழக்கு நடைபெறும் நாள்களில் ஊதியத்துடன் மன்றுக்குச் செல்லலாம். அதன் பொருட்டு அவரது பணிக்கு யாதொரு ஊறும் நேராது. நீதிமன்றக் கடிதம் ஒன்று போதும். அரைப்பக்கம்கூட இல்லை. அதே கையேட்டின் படி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருந்தது. முகப்பில் என் பெயரை அழகுற எழுதியிருந்தேன், திறந்ததில்லை.

"அந்த முதல் நாளையும் இதுலயே மாத்திடறேன்," என்றார். "இனிமே யாரையும் சாகடிக்காதீங்க."

குறித்த நாளில் நான் எழுதியதை நானே வாசித்தேன். கூட்டத்தில் தனியே நிற்க இன்றும் அஞ்சுகிறேன் என்ற வரியையும் விடவில்லை. அவ்விளைஞன் தலை குனிந்திருந்தான். அடுத்து அவனுடைய வழக்கறிஞர் எழுந்து, அவன் முதலாளி எழுதிய கடிதமொன்றை வாசித்து நீதிபதியிடம் அளித்தார். வழக்கு நாள்களுக்கெல்லாம் விடுப்பு அளிக்கப்பட்டதென்றும், அவனுடைய வேலை அவனுக்காகக் காத்திருக்கும் என்றும் அதில் கண்டிருந்தது. நீதிபதி அதைக் கருத்திற்கொண்டு, சிறையைத் தவிர்த்துச் சமூகப்பணி விதித்தார்.

தண்டனை குறைந்தது என்று எனக்குச் சினமில்லை. பிடிபட்ட மறுநாளே அவன் தானாகச் சென்று முதலாளியிடம் நடந்ததை ஒளிக்காது சொன்னான் என்று அக்கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை வழக்கறிஞர் வாசித்தபோதுதான் நான் தலை குனிந்தேன்.