லெபனான் தலைவரின் திறப்பு

தொண்ணூறுகளின் நடுவில், றொறன்ரோவில், லெபனான் அரசியலைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். எழுதப் போட்டி இல்லை. வாசிக்கவும் ஆள் இல்லை என்றுதான் முதல் மூன்று வாரமும் நினைத்திருந்தேன்.

பத்திரிகை ஓர் இலவச வாராந்தரி. வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் கடை வாசல்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். வாசித்த பிறகு மீன் வெட்ட விரிக்கலாம், வாசிக்காமலும் விரிக்கலாம். ஸ்காபரோவில் தன் வீட்டுப் பேஸ்மென்றில் இருந்து அதை நடத்திய ஆசிரியருக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது: ஒருவரும் கோபிக்கக் கூடாது. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எதை எழுதினாலும் யாரோ ஒருவர் ரெலிபோன் எடுத்துத் திட்டுவார்.

"நீர் வெளிநாட்டு அரசியல் எழுதும்," என்றார் என்னிடம். "நல்ல தூரத்து நாடாப் பாரும். எங்கடை சனத்துக்கு ஒரு சம்பந்தமும் இருக்கக் கூடாது."

லெபனான் அகப்பட்டது. எழுதப்போன எனக்கு அந்த நாடு மிகவும் பிடித்தும்விட்டது. ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவராக இருக்க வேண்டும், பிரதமர் சுன்னி முஸ்லிமாக இருக்க வேண்டும், சபாநாயகர் ஷியா முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் கூடி வாயால் பேசி வைத்துக்கொண்ட நாடு. ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரை, ஒருவர் கதிரையில் மற்றவர் இருக்க முடியாது. இந்தக் கதிரைகளுக்கு நடுவே பல்லாண்டுகள் விழாமல் நடந்த ஒரு தலைவரைத் தெரிந்தெடுத்துத் தொடர் தொடங்கினேன். எல்லாரும் அவரைத் திட்டினார்கள், ஆனால் அமைச்சரவை அமைக்கும் நேரம் எல்லாரும் அவரையே தேடினார்கள். பெயரை இங்கே எழுதவில்லை. அப்போது எழுதிப் பட்டது போதும்.

நூலகத்துக் கலைக்களஞ்சியம் மூன்று வாரத்துக்குத்தான் காணும். நாலாம் வாரம் தலைவருக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, வேலையிடத்தில் எனக்கு எதிரில் நின்று பாண் துண்டு அடுக்கிய மனிதர் லெபனான்காரர் என்று தெரிய வந்தது. மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை எங்களுக்கு. நான் வெண்ணெய்க் கட்டி வைப்பேன், அவர் பாண் வைப்பார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு. இருவரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம்.

"அவரா?" என்றார், தலைவரின் பெயரைக் கேட்டதும். "அவரைப் பற்றி நான் சொல்கிறேன். நீ எழுது."

அன்றிலிருந்து தொடருக்கு உயிர் வந்தது. தலைவர் எதிராளி பேச எழும்பிய நேரம் மைக்கை ஒளித்து வைத்த கதை, சபைக் களஞ்சிய அறையின் திறப்பை, அந்த ஒற்றைச் சாவியை, ஒருவருக்கும் கொடாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த கதை, விருந்தில் எந்தச் சமூகம் சமைத்த ஆட்டை முதலில் பரிமாறுவது என்று கூட்டம் குழம்பி ஆடு ஆறிப்போன கதை, எல்லாம் அந்தப் பாண் தட்டுகளுக்கு மேலால் எனக்கு வந்து சேர்ந்தன. ஒரு நாட்டின் பாராளுமன்றத்தில் களஞ்சியத் திறப்புக்கு இவ்வளவு சண்டையா என்று ஒருமுறை எனக்குத் தோன்றியதுதான். சின்ன நாடுதானே என்று விட்டுவிட்டேன்.

மைக் கதை வந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே ஆசிரியர் ரெலிபோன் எடுத்தார்.

"உமக்கு உதை ஆர் சொன்னது?"

"எதை அண்ணை?"

"மைக் விஷயம். காலமை தொடங்கி ரெலிபோன் நிக்கேல்லை. கோயில் தலைவரைப் போட்டுத் தாக்கியிருக்கிறீர் எண்டு ஒரு பகுதி கொதிக்குது, மற்றப் பகுதி பத்துப் பேப்பர் கூடத் தா எண்டு கேக்குது."

"எந்தக் கோயில்?"

நான் மன்னார்க் கத்தோலிக்கன். கோயில் என்றால் எனக்குப் பங்குத் தந்தையும் பூசைப் பாட்டும்தான். சைவக் கோயிலுக்குள் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது எனக்கு லெபனானை விடத் தூரம். ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். ஸ்காபரோவில், ஒரு பழைய கிடங்கில், ரயர்க் கடைக்குப் பக்கத்தில் அந்தக் கோயில் இருந்தது. தலைவர் வடமராட்சி ஆள், செயலாளர் வலிகாமம், பொருளாளர் தீவுப் பக்கம், ஊரின் பகுதிக்கு ஒரு கதிரை என்று தொடக்கத்திலேயே பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். பிறகு தலைவர் அந்தக் கதிரையை விடவேயில்லை. போன திருவிழாவில் பொருளாளர் பேச எழும்பினார். மைக் வேலை செய்யவில்லை. கோயில் கதவுத் திறப்பும் தலைவருடைய இடுப்பில்தான் இருந்தது.

"நான் வேதக்காரன் அண்ணை. எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது," என்றேன்.

"அதைத்தான் சனமும் சொல்லுது. ஆர் எண்டு சந்தேகம் வராமல் இருக்க ஒரு வேதக்காரப் பெடியனைப் பிடிச்சு எழுதுவிச்சிருக்கினமாம்."

தொடரை நிறுத்திவிடுவோம் என்றேன். ஆசிரியர் பதறிப்போனார். அந்த வாரம் முதல் தடவையாக ஒரு கடையிலும் ஒரு பேப்பரும் மிஞ்சவில்லையாம். கொள்கையை அவர் அவ்வளவு சுலபமாக மறப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கோயில் தலைவரே என் அப்பார்ட்மென்ற் கதவைத் தட்டினார். அறுபது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சேட்டு, கையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம். உள்ளே வந்தவர் சுவரில் மாதா படத்தைக் கண்டு ஒரு கணம் தடுமாறினார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் கும்பிட்டுவிட்டு அமர்ந்தார்.

"தம்பி, நீர் நல்லா எழுதிறீர். முதல் அதைச் சொல்ல வேணும்."

"ஐயா, அது லெபனான்."

"ஓம் ஓம், லெபனான்தான்," என்று கண்ணைச் சிமிட்டினார். "ஆனா நான் மைக்கை ஒளிக்கேல்லை. பற்றறி முடிஞ்சது. அதை மட்டும் உமக்குச் சொல்லி வைக்கிறன்."

"ஐயா, சத்தியமா இது லெபனான் பாராளுமன்றத்திலை நடந்தது."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, நான் ஊரிலை அரசாங்கக் கச்சேரியிலை தலைமைக் கிளாக்கரா இருந்தனான். அரசாங்கம் எனக்குத் தெரியும். ஒரு அரசாங்கத்திலையும் ஆரும் ஸ்ரோர் றூம் திறப்புக்கு இப்பிடி அடிபடமாட்டினம். உது கொமிற்றி. கொமிற்றியின்ரை மணம் எனக்குத் தெரியும்."

என் லெபனான் நண்பரைப் பொய்யர் என்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தேத்தண்ணீரைக் கையில் எடுத்த பிறகு அவர் பேசியது வேறு மாதிரி இருந்தது. ஊரில் அவர் வரும்போது கந்தோரே எழும்பி நின்றதாம். இங்கே நகரத்தின் நடுவில் ஒரு கார்த் தரிப்பிடத்துக் கூண்டுக்குள் இருக்கிறார். ஜன்னலால் கைகள் வரும், போகும். முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. கோயிலில் மட்டும் பூசை முடிந்ததும் ஐயர் நேரே அவரிடம் வந்து முதல் காளாஞ்சியை, அந்தத் தேங்காயையும் வெற்றிலையையும், அவர் கையில் கொடுப்பார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"வாற மாசம் பொதுக்கூட்டம். எல்லாரும் உம்முடைய முடிவைத்தான் பாத்துக்கொண்டு இருக்கினம். உவர் கடைசியிலை என்ன ஆகிறார் தம்பி? நாட்டை விட்டு ஓடுறாரோ?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை.

"ஓட விடாதையும்," என்றார். அதைக் கேட்டபோது எனக்கு மனம் இளகிவிட்டது. ஆனாலும் வரலாற்றை வாழைப்பழத்துக்கு மாற்றி எழுதுகிறவன் நான் இல்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் பழத்தை உரித்துக்கொண்டே, "அப்ப லெபனான்காரரைக் கேளுங்கோவன்," என்றாள்.

கேட்டேன். நண்பர் பாண் அடுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"முடிவா? மிக அழகான முடிவு. எல்லாரும் அவரைத் துரத்த வந்த நாள். அவர் எழும்பித் திறப்பை மேசையில் வைத்தார். எடுங்கள் என்றார். மூன்று சமூகமும் அழுதது. ஐயோ வேண்டாம், நீங்களே வைத்திருங்கள் என்று காலில் விழாத குறை. திரும்ப எடுத்துக்கொண்டார்."

என் சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வரலாறு தானாகவே கோயில் தலைவரின் பக்கம் நின்றது. அன்றிரவே எழுதி முடித்தேன். நண்பர் சொன்ன 'எடுங்கள்' என்ற ஒற்றைச் சொல் ஒரு தலைவருக்குக் காணாது என்று, "இந்தத் திறப்பு இரும்பு அல்ல, இது உங்கள் நம்பிக்கை, அதன் பாரத்தை இனி என் இடுப்பு தாங்காது, தகுதியுள்ள ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும்" என்று விரித்தேன். அவரைக் கண்ணாடி கழற்றித் துடைக்கவும் வைத்தேன். சனம் கதறுவதற்கு மட்டும் ஒரு முழுப் பந்தி.

அது வெளிவந்த பிறகு நடந்த பொதுக்கூட்டத்துக்கு ஆசிரியர் என்னையே செய்தி எழுத அனுப்பினார். மாசி மாதத்து ஞாயிறு, மத்தியானம். வாசலில் மலையாகக் கிடந்த சப்பாத்துகளோடு என்னுடையதையும் போட்டுவிட்டு, பிறகு கண்டுபிடிப்பேனா என்ற கவலையோடு கடைசி வரிசையில் இருந்தேன். பொருளாளர் பகுதி ஒரு பக்கம், தலைவர் பகுதி ஒரு பக்கம், செயலாளர் பகுதி வடை மேசைக்கு அருகில். ஒருவர் எழும்பி, பத்து வருடத் தலைமை போதும் என்றார். இன்னொருவர், மைக் என்ன ஆனது என்றார்.

தலைவர் எழுந்தார். இடுப்பிலிருந்து திறப்பைக் கழற்றினார்.

"இந்தத் திறப்பு இரும்பு அல்ல," என்றார். "இது உங்கள் நம்பிக்கை."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. கடைசி வரிசையில் என் உதடும் கூடவே அசைந்தது. தாங்காத இடுப்பும் வந்தது, தகுதியுள்ள ஒருவரும் வந்தார். திறப்பு மேசையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கண்ணாடி போடுவதில்லை. அன்றைக்கென்று சேட்டுப் பையில் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதை எடுத்துப் போட்டு, கழற்றி, துடைத்தார்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

தொடரில் இந்த இடத்தில்தான் சனம் கதறும். மண்டபத்தில் ஹீற்றர் மட்டும் உறுமியது. கதறுவதற்கென்று இரண்டு பேரை அவர் ஏற்பாடு செய்திருந்ததாகவும், ஒருவருக்கு அன்று ஓவர்டைம், மற்றவரின் கார் பனிக்குள் புதைந்துவிட்டது என்றும் பிறகு அறிந்தேன். ஒரு சின்னப் பிள்ளை, "அம்மா, இஸ் இற் ஓவர்?" என்று கேட்டது.

பொருளாளர் எழுந்து மெதுவாக முன்னுக்குப் போனார். பேச்சுக் குறைந்த, மெலிந்த மனிதர்.

"பாரமெண்டால் விடுங்கோ அண்ணை," என்றார். "நான் வைச்சிருக்கிறன்."

திறப்பை எடுத்து மடியில் செருகினார். சனம் கைதட்டியது. கோபமாகக்கூட இல்லை, மரியாதையாகக் கைதட்டியது. தலைவர் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைய காளாஞ்சி பொருளாளருக்குப் போனது. நான் செய்தி எழுதவில்லை, என் சப்பாத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வெண்ணெய்க் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நண்பரிடம் கேட்டேன். "உங்கள் சனம் ஏன் அழுதது? எங்கள் சனம் அழவில்லையே?"

"அழாமல் என்ன செய்வது?" என்றார். "ஞாயிறு விடிய எழும்பி வந்து ஹோலுக்கு ஹீற்றர் போட வேறு யார் இருக்கிறார்?"

"எந்த ஹோல்?"

"எங்கள் ஊர்ச் சங்கம் கூடுகிற ஹோல். இங்கே, மிசிசாகாவில். தலைவர் கிறிஸ்தவர், செயலாளர் சுன்னி, பொருளாளர் ஷியா. ஒவ்வொரு வருடமும் அவர் திறப்பை மேசையில் வைப்பார், ஒவ்வொரு வருடமும் நாங்கள் அழுவோம்."

என் கையில் வெண்ணெய் உருகத் தொடங்கியது. "அப்படியென்றால் அந்தப் பெரிய தலைவர்?"

"அந்தப் பெரிய மனிதரை எனக்கு எங்கே தெரியும்? ஒருமுறை காரில் போகக் கண்டேன். நீ வாரா வாரம் ஆசையோடு வந்து கேட்டாய். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த தலைவரைச் சொன்னேன்."

கொமிற்றியின் மணத்தை அறிந்த மனிதர் அன்றைக்கே சரியாகச் சொல்லியிருந்தார். அவர் பிழைவிட்டது ஒரே இடத்தில்தான், அந்த முடிவை நம்பியதில். லெபனான்காரருக்குத் தலைவராக ஆள் பஞ்சம். எங்களுக்கு அது ஒருநாளும் இருந்ததில்லை.

பங்குனியில் என் மனைவியைக் கண் வைத்தியரிடம் காட்ட நகரத்துக்குள் போனேன். கார்த் தரிப்பிடத்தை விட்டு வெளியேறும்போது ரிக்கற்றை நீட்டிய என் கையைத் தாண்டி முகத்தைப் பார்த்தவர் கோயிலின் பழைய தலைவர்தான்.

"தம்பியே? நல்ல இடம் கிடைச்சதோ?"

"ஓம் ஐயா. எப்பிடிச் சுகம்?"

அவர் சேட்டுப் பையிலிருந்து மடித்த பேப்பர்த் துண்டு ஒன்றை எடுத்தார். என் தொடரின் கடைசி வாரம்.

"அந்த மனிசன் இப்பவும் இருக்கிறாரோ?"

முதல் நாள்தான் நண்பர் திட்டிக்கொண்டிருந்தார், சங்கக் கூட்டத்தில் தலைவர்க் கிழவன் இரண்டு மணித்தியாலம் பேசினான் என்று. "இருக்கிறார் ஐயா," என்றேன்.

"பதவியிலை?"

"பதவியிலைதான்."

உண்மை வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அவரிடம் அந்தப் பேப்பர்த் துண்டும் இல்லாமல் போயிருக்கும்.

அவர் அதை மடிப்புப் பிசகாமல் மடித்துப் பைக்குள் வைத்தார்.

"லெபனான் சனம் நல்ல சனம் தம்பி," என்றார்.

பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அவர் தடுப்புக் கட்டையை உயர்த்திவிட்டார்.