வியாழக்கிழமை 0040

எங்கள் வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சின்னமனூரில் ஐந்தாவது வரை படித்துவிட்டு, மெத்தப் படித்தவள் மாதிரி நடந்துகொண்டேன். யுத்த காலத்தில் பட்டாளத்திலிருந்து அண்ணன் எழுதும் கடிதங்களை மதினிக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

அந்தக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அண்ணனின் படையைக் கப்பலேற்றப் போகிறார்களாம். 'வியாழக்கிழமை 0040 மணிக்கு எங்கள் ரயில் மதுரையில் நிற்கும். அரை மணி நேரம் கிடைக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்' என்று எழுதியிருந்தார். மகன் பிறந்து ஏழு மாதமாகியும் அவர் அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

பட்டாளத்துக் கணக்கு எனக்குத் தெரியும். லீவில் வந்தபோது அண்ணன் சொல்லியிருந்தார். பகல் ஒரு மணி அவர்களுக்குப் பதின்மூன்று. ராத்திரி பன்னிரண்டு அடித்தால் சைபர். ஆக, 0040 என்றால் நடுராத்திரி பன்னிரண்டு நாற்பது. வியாழக்கிழமை ராத்திரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மதினிக்கு மனசு ஆறவில்லை. "ஏத்தா, நாளைக்கே போயி அங்கன இருந்துக்கிருவமா? அவுக வந்து நிக்கையில நாம இல்லாமப் போயிரக் கூடாது."

"எனக்கு மணி பாக்கத் தெரியாதா மதினி? கைப்பிள்ளையோட ரெண்டு நா அங்கன எதுக்குக் கெடக்கணும்?" என்றேன் வெடுக்கென்று.

போடி ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துவிட்டார்கள். வியாழன் காலை, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸில் ஏறி, தேனியில் மாறி, பொழுது சாய மதுரை ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தோம். மதினி பிள்ளைக்கு முகம் துடைத்துப் புதுச் சட்டை மாட்டினார். நான் கடிதத்தை ஸ்டேஷன் குமாஸ்தாவிடம் நீட்டி, வண்டி எங்கே வந்து நிற்கும் என்று கேட்டேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். "இது நேத்து ராத்திரியே போயிருச்சேம்மா."

"கடுதாசியில வியாழக்கெழமைன்னுல்ல இருக்கு?"

"பன்னெண்டு அடிச்சதுமே வியாழன் பொறந்துருச்சு. ரயிலுக்கும் பட்டாளத்துக்கும் அப்படித்தான்."

"விடியாம எப்படிக் கெழம பொறக்கும்?" என்று அவரிடம் சண்டைக்கு நின்றேன். எங்கள் பக்கம் கோழி கூவும் முன் பிள்ளை பிறந்தால்கூட முந்தின நாள் கிழமையைத்தான் சொல்வோம். சைபர் என்பது மறுநாளின் ஆரம்பம் என்று அண்ணன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அரைக் கிணறு தாண்டிய அறிவு என்னுடையது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மதினி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தார்.

அடுத்த மாதம் அண்ணன் கடிதம் வந்தது. 'பிள்ளையோடு நின்ற ஒவ்வொருத்தியையும் ஓடி ஓடிப் பார்த்தேன். என்மேல் என்ன கோபம்?' என்று மதினியைக் கேட்டிருந்தார். அதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். தப்பு என்னுடையது, மதினிக்குக் கோபமே இல்லை என்று அன்றே பதில் எழுதிப் போட்டேன்.

பிறகு சர்க்கார் முத்திரையோடு ஓர் உறை வந்தது. வாசித்து முடித்தேன். அழுது ஓய்ந்த மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ எழுதுன கடுதாசி அவுக கைக்குப் போயிருக்கும்ல?"

"போயிருக்கும் மதினி."

என் கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தபோது மதினிதான் தபால்காரரிடம் வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"யாருக்கு வந்துருக்கு?"

"நமக்கில்ல மதினி" என்றேன். அவர் நம்பினார்.