ஊர்ந்து போகும் சக்கரங்கள்

மனைவி ஒஃபேலியா இறந்துபோன பிறகு எலிசெயோ பராகானிடம் நின்று பேச ஆளில்லை. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். பிள்ளைகள் இறங்கிவிட்டால் பஸ்ஸிலும் அமைதி, வீட்டிலும் அமைதி. தெருக்காரர்கள் கையசைப்பார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் தன் பழைய இம்பாலா காரை ரொகேலியோவின் டயர் கடைக்கு ஓட்டிப்போய், பொன்முலாம் பூசிய கம்பிச் சக்கரம் நாலு கேட்டார்.

"நல்லா யோசிச்சுக்கோங்கண்ணே," என்றான் ரொகேலியோ. "சின்னச் சக்கரம். வண்டி தரையோட தரையா நிக்கும். குழியில விட்டா கம்பி போச்சு. ஊர்ந்துதான் போகணும்."

"ஊர்ந்து போகத்தான்டா கேக்கறேன்."

"யாருக்குக் காட்ட?"

எலிசெயோ சிரித்து மழுப்பினார். மெதுவாகப் போகிற வண்டியை நாலு பேர் பார்ப்பார்கள், அதில் ஒருவராவது பேசுவார். இதை எப்படிச் சொல்வது?

"கொஞ்ச தூரம் ஓடினதும் நடு நட்டைச் சுத்தியலால தட்டி இறுக்கிடுங்க," என்றான் ரொகேலியோ, சக்கரங்களை மாட்டி முடித்து. எலிசெயோ மறந்துவிட்டார்.

ஞாயிறு மாலை, அலங்கரித்த கார்கள் ஊர்வலம் போகும் விட்டியர் சாலையில் ஊர்ந்தபோது சக்கரத்தில் வெயில் தெறித்தது. நடைபாதையில் விசில்.

"பெருசு, சக்கரம் தூள்!"

குனிந்து குனிந்து படமெடுத்தார்கள். கதவுக்கு மேலே அவர் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திடீரென்று முன்சக்கரம் தட்தட்டென்று அடித்துக்கொண்டது. ஓரங்கட்டினார். பின்னால் வந்த பச்சை வண்டியிலிருந்து இக்னாசியோ என்ற இளைஞனும் அவன் மனைவி கிராசியேலாவும் இறங்கினார்கள்.

"இறுக்காமலே வந்துட்டீங்களா? கழண்டிருந்தா என்னண்ணே ஆகியிருக்கும்!" என்று திட்டிக்கொண்டே அவன் சுத்தியலை ஓங்கினான்.

அவள் சோள இலையில் சுற்றிய சூடான தமாலே ஒன்றைக் கையில் திணித்தாள். "தனியாவா வந்தீங்க?"

"ஆமாம்மா."

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வண்டி பக்கத்துல நிறுத்துங்க."

வாரம் முழுக்க அவர் தரையில் கால் பாவவில்லை. ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். ஞாயிறன்று ஒரு பை நிறைய இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

பச்சை வண்டி வரவில்லை. தெருவிளக்கு எரியும்வரை சாலையின் இரண்டு முனைக்கும் போய்ப்போய் வந்தார். விசாரிக்கலாம் என்றால், அவர்கள் எந்தப் பேட்டை என்றுகூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டென்வரிலிருந்து மகள் மரிசேலா கூப்பிட்டாள்.

"அப்பா, வெளிய போனியா?"

"போனேன்மா. நிறையப் பேரு பேசினாங்க."

"என்ன பேசினாங்க?"

"சக்கரத்தைப் பத்தித்தான்."

போனை வைத்துவிட்டு, நின்றபடியே ஒரு ரொட்டியைத் தின்றார். மீதியை மறுநாள் பஸ்ஸில் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறும் போனார்.